இறக்கை சுற்றுவது 30. ஜெனரேட்டர் சுற்றுவது 1,500!

தோவாளை என்றதும் பூச்சந்தை நினைவுக்கு வரும். பிச்சியும் மல்லிகையும் அங்கிருந்து பல ஊர்களுக்குப் போகின்றன. அந்தத் தாலுகாவுக்குப் பெயர் வாங்கித் தந்த பொருள் இன்னொன்றும் உண்டு. அதுதான் காற்று!

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து சீறிப் பாய்கிறது. முப்பந்தல் பகுதியில் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் அதை மின்சாரமாக்குகின்றன.

இறக்கைகள் மெதுவாகத்தானே சுற்றுகின்றன? மின்சாரம் எப்படி வருகிறது?

ஒன்றுக்கு ஐம்பது

காற்றாலை ஜெனரேட்டர்களில் பல, நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,500 சுற்று சுற்ற வேண்டியவை. இறக்கை 30 சுற்றுதான் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகத்தை 50 மடங்கு கூட்ட வேண்டும். அந்த வேலையைச் செய்வது உச்சியில் உள்ள கியர் பெட்டி.

சைக்கிளைப் பாருங்கள். முன் பல்சக்கரத்தில் 48 பல், பின் பல்சக்கரத்தில் 16 பல் இருந்தால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் மூன்று சுற்று சுற்றும். கியர் பெட்டியின் கணக்கும் இதுவே.

ஒரே ஜோடியில் 50 மடங்கு வேண்டுமானால், 20 பல் சக்கரத்துக்கு 1,000 பல் சக்கரம் வேண்டும்! அதை எங்கே வைப்பது? ஆகவே படிப்படியாகக் கூட்டுகிறார்கள். முதலில் 5 மடங்கு, அடுத்து 5 மடங்கு, கடைசியில் 2 மடங்கு. பெருக்கினால் 50.

லாபமும் நஷ்டமும்

வேகம் கூடினால் திருகும் பலம் குறையும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. காற்றின் அடியையெல்லாம் பற்கள் தாங்க வேண்டும். பல் உடைந்தால், பழுதுபார்க்கப் பெரிய கிரேன் வர நேரிடும். செலவும் அதிகம்; மின் உற்பத்தியும் நின்றுவிடும். இதனால் கியர் பெட்டியே இல்லாத காற்றாலைகளும் வந்துள்ளன. ஆனால் அவற்றின் ஜெனரேட்டர் பெரியது, கனமானது.

மாணவர் செய்யும் ரோபோ

கல்லூரி மாணவர்களுக்கான ‘ரோபோகான்’ ஆசியப் போட்டி 2002-ல் டோக்கியோவில் தொடங்கியது. 2014-ல் புனேயில் நடந்தது. அங்கே கணக்கு தலைகீழ்! மோட்டார் வேகமாகச் சுற்றும். சக்கரம் மெதுவாகச் சுற்ற வேண்டும்.

மோட்டார் நிமிடத்துக்கு 6,000 சுற்று. சக்கரத்தின் குறுக்களவு 10 சென்டிமீட்டர். வேகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், ரோபோ விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் ஓடும். இருபதில் ஒன்றாகக் குறைத்தால் ஓட்டம் பாதியாகும். தள்ளும் பலம் ஏறக்குறைய இரட்டிக்கும்.

ஓட வேண்டுமா, தள்ள வேண்டுமா? முதலில் அதை முடிவு செய்ய வேண்டும். பிறகுதான் பல்லை எண்ண வேண்டும்!