அய்யனாருக்கு எத்தனை எழுத்து?

‘அய்யனார்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ராஜபாளையத்துப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டால், விரல்விட்டு எண்ணி ஐந்து என்று சொல்லிவிடும். பைத்தான் என்ற கணினி மொழியோ எட்டு என்கிறது. யூனிகோடில் மெய்யெழுத்தின் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனி எண் உண்டு. பைத்தான் அவற்றையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. ஐந்து என்று சரியாகச் சொல்லும் புரோகிராமை எழுத உட்காரும் மாணவர், யூனிகோடு, ஸ்ட்ரிங், லூப் மூன்றையும் தேவை கருதியே படிக்க வேண்டியிருக்கும்.

மென்பொருள் துறையில் வளரத் தமக்கென ஒரு படிப்புத் திட்டம் போடுவோர் இப்படியொரு கேள்வியில் தொடங்குவது நல்லது. பலரது திட்டம் வெறும் பெயர்ப் பட்டியலாக இருக்கிறது: ஜாவா, ரியாக்ட், டாக்கர், கிளவுட், செயற்கை நுண்ணறிவு. எதைப் படிப்பது என்று அது சொல்லும். படித்ததை வைத்து எதைச் செய்வது என்று சொல்லாது.

செய்வதற்கான வேலை ஊரிலேயே கிடைக்கும். ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். அங்கே ஓடும் ஆற்றின் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து நகருக்குக் குடிநீராகிறது. மலையில் கனமழை பெய்து காட்டாற்று வெள்ளம் வந்தால் கோவிலுக்குச் செல்ல வனத்துறை தடை விதிக்கும். ‘இன்று போகலாமா?’ என்பதற்கு விடை சொல்லும் ஒரே ஒரு வலைப்பக்கத்தைச் செய்து பார்க்கலாம். தகவலைப் பதிய ஒரு படிவம், சேமிக்க ஒரு டேட்டாபேஸ், யார் வேண்டுமானாலும் மாற்றிவிடாமல் இருக்க ஒரு லாகின், சிக்னல் குறைந்த இடத்திலும் சட்டென்று திறக்கும் பக்கம். மூன்று மாதத்துக்குப் போதுமான பாடம் இதில் இருக்கிறது. பயிற்சிக் காலம் முழுக்க மாதிரித் தகவலையே பயன்படுத்த வேண்டும். வெள்ளத்தைப் பற்றித் தவறான தகவல் வெளியே போனால் உயிருக்கே ஆபத்து.

கற்பதையும் செய்வதையும் பிரிக்காத இந்த முறையைப் பார்க்கத் தொலைவு போக வேண்டியதில்லை. ராஜபாளையத்திலிருந்து நெடுஞ்சாலையில் சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் தாண்டினால் தென்காசி. அந்த வட்டாரத்தில் 2011 முதல் சோஹோ மென்பொருள் நிறுவனம் இயங்குகிறது. அதன் பயிற்சிப் பள்ளி பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைக் கட்டணமின்றிச் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுகிறது. முதலில் பாடம், பிறகு நிறுவனத்தின் அணிகளிலேயே வேலைப் பயிற்சி. தனியாகப் படிப்பவருக்கு அணி கிடையாது. ஆனால், வாரத்தில் பாதி நேரம் பாடத்துக்கு, பாதி நேரம் சொந்தப் படைப்புக்கு என்று அவரும் ஒதுக்க முடியும்.

பாடங்களுக்குப் பஞ்சமில்லை. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்பிடெல் வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம்; சான்றிதழ் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். ஆங்கிலம் தடையாக இருப்பவர்களுக்குக் கணியம் இருக்கிறது. 2012-இல் தொடங்கிய அந்த மின்னிதழின் வழியே ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் கணினி நூல்கள் இலவசமாக வந்திருக்கின்றன.

அடுத்தது நேரம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் படிப்பதைவிடத் தினமும் ஒரு மணி நேரம் படிப்பது மேல். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி 1885-இல் வெளியிட்ட ஆய்வு, கற்றது தொடக்கத்தில்தான் மிக வேகமாக மறக்கிறது என்று காட்டியது. இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் அது தங்கும். ஆகவே திட்டத்தில் வாரம் ஒரு நாள் புதுப்பாடம் வேண்டாம். போன வாரம் எழுதிய புரோகிராமைப் பார்க்காமல் மறுபடி எழுதிப் பார்க்கலாம். ஏஐ உதவியையும் அன்று மூடி வைப்பது நல்லது. எது தன் கைக்கு வந்தது, எது வரவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

அவசரமும் வேண்டாம். ஏழு நாளில் ஜாவா என்கிற மாதிரியான புத்தகங்கள் கடைகளை நிறைத்திருந்த 2001-இல், கணினி அறிஞர் பீட்டர் நோர்விக் அதற்கு மறுப்பாக ஒரு கட்டுரை எழுதினார். நிரலாக்கம் கைவர அவர் சொன்ன காலம் பத்து ஆண்டுகள்.

அய்யனாருக்கு ஐந்து என்று புரோகிராம் சரியாகச் சொல்லிவிட்டதா? அடுத்து ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ கொடுத்துப் பார்க்கலாம். குறியீடுகளை முன்னெழுத்தோடு சேர்க்க மட்டும் தெரிந்த புரோகிராம் ஒன்பது என்று சொல்லும். ‘ஸ்ரீ’யை ஒரே எழுத்தாகப் பார்க்கும் வாசகருக்கு எட்டு.