சீமைக்கருவேலம், கருவேலம், வன்னி: பெயர் மயக்கமும் இனங்காணலும்

திறவுச்சொற்கள்: சீமைக்கருவேலம், கருவேலம், வன்னி, அயல் தாவரம், தாவரப் பெயராக்கம்

முன்னுரை

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் ஊர்ப்பெயராலேயே வழங்கும் ஏரியும் உள்ளன. இத்தகைய ஏரிக்கரைகளில் நிற்கும் முள்மரங்களை எல்லாம் ‘கருவேலம்’ என ஒரே பெயரால் சுட்டுவது பொதுவழக்கு. பேச்சளவில் இதனால் தீங்கில்லை. ஆனால் 2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேல மரங்களை அகற்ற ஆணையிட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவு தாவரங்கள் குறித்த கொள்கையை வெளியிட்டது. அகற்றும் பணி இயந்திரங்களின் கைக்குச் செல்லும்போது, எது சீமைக்கருவேலம், எது நாட்டு மரம் என்பதைப் பிரித்தறியாமை நாட்டு மரங்களுக்கே கேடாக முடியும். அவற்றைப் பிரித்தறியும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர் தரும் மயக்கம்

‘சீமை’ என்னும் அடை அயல்நாட்டு வரவைக் குறிப்பது. சீமை அகத்தி என்பதிலும் அதே பொருள். நடு அமெரிக்க, தென்னமெரிக்க நிலங்களுக்குரிய இம்மரத்தின் விதைகள் 1877இல் ஜமைக்காவிலிருந்து தருவிக்கப்பட்டு, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டன. வறண்ட நிலத்திற்கு ஏற்ற விறகு மரம் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. ‘வேலிகாத்தான்’ என்னும் வழக்குப்பெயர் அது வேலிப்பயிராக நடப்பட்டதை உணர்த்துகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை பின்னர் நிகழ்ந்தது.

‘சீமை’ என்னும் அடை சரியே. ‘கருவேலம்’ என்னும் பகுதிதான் பிழைபட்டது. முள்ளையும் நுண்ணிலையையும் கண்ட மக்கள் அதனை வேலமரத்தோடு சேர்த்தனர். தாவரவியலாரோ அதனை வன்னியோடு ஒரே பேரினத்தில், அதாவது புரோசோபிஸில், வைத்திருந்தனர். 2022இல் அப்பேரினம் பிரிக்கப்பட்டது. வன்னி புரோசோபிஸிலேயே நிற்க, சீமைக்கருவேலம் நெல்டுமா என்னும் பேரினத்திற்கு மாற்றப்பட்டது. அக்கேசியாவாக இருந்த கருவேலமும் இன்று வச்செல்லியா எனப்படுகிறது. ஆகவே பழைய நூல்களின் அறிவியற்பெயரை மட்டும் கொண்டு இம்மரங்களை ஒப்பிடும் ஆய்வாளர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

பூவும் காயும்

பூத்த மரத்தில் ஐயத்திற்கு இடமில்லை. கருவேலத்தின் பூக்கள் பொன்மஞ்சள் நிறச் சிறு பந்துகளாகத் திரண்டிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூக்கள் பசுமஞ்சள் நிறத்தில் விரல்போல் நீண்ட கதிராக அமையும். வெள்வேலத்தின் பூவும் பந்து வடிவினதே. ஆனால் நிறம் வெளிறியது, பட்டையும் வெளிறியது. பந்து எனின் வேலம், கதிர் எனின் வேலமன்று என்பது முதல் விதி.

வன்னியும் கதிராகவே பூப்பதால் இவ்விதி அங்கே போதாது. அங்குக் காய் துணைசெய்யும். வன்னிக்காய் மெலிந்து நீண்டு தொங்குவது. சீமைக்கருவேலக்காய் சற்றே தட்டையாகவும் முதிர்ந்தபின் மஞ்சளாகவும் இனிப்புச் சதையுடனும் இருக்கும். கருவேலக்காயோ விதைக்கு விதை இடுங்கி, மணி கோத்தாற்போல் தோன்றும். அதன்மேல் சாம்பல்நிற மென்மயிர் படர்ந்திருக்கும். விருத்தாசலத்தில் தலமரமாகப் போற்றப்படும் வன்னியை, ஏரிக்கரையில் கண்டால் ‘முள்’ என்று வெட்டிவிடுவது முரண்.

கன்றுப் பருவம்

உண்மையான இடர் பூவும் காயும் இல்லாத கன்றுகளில்தான் உள்ளது. முதலில் முள் எங்கிருந்து எழுகிறது என்று நோக்க வேண்டும். வன்னியின் முள் குட்டையானது, அடி அகன்று கூம்பியது. கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டுப்பகுதியில் சிதறிக் காணப்படும். மற்ற இரண்டிலும் முள் கணுவிலேயே தோன்றும். கருவேலத்தில் அது வெண்ணிறமாக, நேராக, இணையாக நீளும். சீமைக்கருவேலத்தில் தனித்தோ இணையாகவோ இருக்கும். முள்ளே அற்ற மரங்களும் உண்டு. எனவே முள்ளை மட்டும் நம்பலாகாது.

அடுத்து இலை. சீமைக்கருவேலத்தின் கூட்டிலையில் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று இணைச் சிறகுகளே இருக்கும். சிற்றிலை ஏறத்தாழ 1 செ.மீ. அல்லது அதற்கு மேலும் நீளும். கருவேலத்தில் சிறகுகள் மூன்று இணைக்கு மேலும் காணப்படும். சிற்றிலைகள் சில மி.மீ. அளவே. முதிர்ந்த இலைகள் பலவற்றை எண்ணிப் பார்த்தே முடிவுசெய்தல் நன்று; ஓர் இலையைக் கொண்டு முடிவுக்கு வருதல் பிழைக்கு இடந்தரும்.

அகற்றலுக்குப் பின்

வெட்டிய சீமைக்கருவேலம் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும். ஆகவே வேரோடு பறித்தல் இன்றியமையாதது. இலையை ஒதுக்கும் ஆடுமாடுகள் காயை விரும்பித் தின்பதால், விதைகள் சாணத்தின் வழியே வெளியேறிப் புதிய இடங்களில் முளைக்கின்றன. அதன் இலைச்சருகு பிற விதைகளின் முளைப்பைத் தடுக்கவல்லது. ஆயினும் கருவேலக்காயையும் ஆடுகள் உண்கின்றன; சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின்கீழ் ஏரி உட்பகுதிகளில் கருவேலம் நடப்பட்டதும் உண்டு. எனவே தூய்மைசெய்த ஏரியில் அடுத்த மழைக்குப்பின் எழும் முளைகள் இருவகையும் கலந்தவையாக இருக்கக்கூடும். களைபறிக்கும் தொழிலாளர் கையில் மேற்கூறிய முள், இலை அடையாளங்களைக் காட்டும் கிளைத்துண்டுகளைக் கொடுத்து, முதல் நாளிலேயே பழக்குதல் வேண்டும். சிற்றிலையின் அளவை விரல்நகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னாலே பெரும்பாலான கன்றுகளை அவர்கள் பிரித்தறிந்துவிடுவர்.