குழலின் வடிவமும் குறியின் துல்லியமும்

மாணவன் கையிலுள்ள பென்சில் பட்டையாக இருந்தால் மேசையிலிருந்து எளிதில் உருண்டு விழாது. ஆயினும், அதனால் அவன் கையெழுத்து அழகு பெறுவதில்லை. துப்பாக்கிக் குழலின் வடிவத்தை ஆராயும்போதும் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளல் நன்று.

18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிற் செய்யப்பட்ட நீண்ட ரைபிள்கள் பெரும்பாலும் எண்பட்டைக் குழல் உடையவை. கொல்லர் இரும்புப் பட்டையைக் கம்பியின்மேல் வளைத்துக் காய்ச்சி ஒட்டி, சம்மட்டியால் அடித்து, அரத்தால் ராவினர். கைவேலையில், நீண்ட குழலைச் சீரான வட்டமாக்குவதினும் எட்டுப் பட்டைகளாகச் சமன்செய்வது எளிது. கடைசல் இயந்திரம் பெருகியபின் உருண்டைக் குழலே மலிவாயிற்று. எனினும், பட்டையின் கம்பீரத்தை விரும்பினோர் பலர். 1873ஆம் ஆண்டு வின்செஸ்டர் ரைபிள் இருவகைக் குழலோடும் விற்கப்பட்டது.

பட்டைக் குழல் நன்றாகச் சுடுமா? சுடும்போது குழல் அதிர்கிறது. மேசை விளிம்பில் அடிக்கோலை நீட்டிப் பிடித்துத் தட்டினால் மாணவர் இதனை உணர்வர். தடித்த கோல் குறைவாக ஆடும். நீண்ட கோல் மிகுதியாக ஆடும்.

பட்டைக் குழலே வலியது என்று நானும் பல ஆண்டுகள் வகுப்பிற் கூறியதுண்டு. கணக்கிட்டபோதுதான் தவறு புலனாயிற்று. துளையில்லாத இரு கோல்களை எடுத்துக்கொள்வோம். அகலம் ஒன்றாயின், எண்பட்டைக் கோல் உருண்டைக் கோலைவிட ஏறத்தாழ 11 விழுக்காடு விறைப்பு மிகுந்தது. ஆனால் எடையும் 5 விழுக்காட்டுக்குமேல் மிகுதி. எடையும் நீளமும் ஒன்றாயின், விறைப்பும் ஏறக்குறைய ஒன்றே! வலிமை தந்தது வடிவமன்று, கூடுதல் இரும்பே.

குழலின் வெளிப்புறத்தில் நீளவாட்டில் பள்ளம் செதுக்குவதும் இத்தகையதே. அதே பருமனுள்ள முழுக்குழலை நோக்க விறைப்புக் குறைவு. அதே எடையுள்ள மெல்லிய குழலை நோக்க விறைப்பு மிகுதி.

உட்புற வடிவத்திலும் இம்மயக்கம் உண்டு. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் அறுகோணத் துளையுடைய ரைபிளை அமைத்தார். 1860இல் விம்பிள்டனில் விக்டோரியா அரசியார் அதனால் 400 கெசத் தொலைவிலிருந்து சுட, குண்டு இலக்கின் நடுவுக்கு மிக அருகே பாய்ந்தது. படையினர் அந்நாளில் ஏந்திய என்பீல்டு ரைபிளின் துளை 0.577 அங்குலம், முறுக்கு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. விட்வொர்த்தின் துளை 0.451 அங்குலம், முறுக்கு 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. துளையின் அளவு, முறுக்கு, வடிவம் ஆகிய மூன்றும் ஒருங்கே மாறியிருக்க, புகழ் முழுவதையும் அறுகோணத்துக்கு மட்டும் அளித்தல் முறையாகுமா?

ஆகவே ஆசிரிய அன்பர்களே, "எது சிறந்தது?" என்று மாணவன் வினவினால் உடனே விடை பகர வேண்டா. "எதனைச் சமமாக வைத்து ஒப்பிடுகிறாய்?" என்று கேளுங்கள். அறிவியற் கல்வி அவ்வினாவிலேதான் தொடங்குகிறது.