மதுரை வெயிலில் ஒரு மேய்ப்பு நாய்

"பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்க்கலாமா?" என்று கேட்பவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது பெரும்பாலும் ஒன்றுதான்: கடிக்குமா, கடிக்காதா. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது, இந்த நாயை ஓடவிட வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது, எந்த நேரத்தில் ஓடவிட முடியும் என்பது. காலை எட்டரைக்கு எல்லாரும் வெளியே கிளம்பி மாலை ஆறரைக்குத் திரும்பும் ஒரு குடும்பத்தில், எல்லீஸ் நகரின் அடுக்குமாடி வீட்டிலோ அண்ணா நகரின் வாடகை வீட்டிலோ, உழைப்புக்கென்று உருவான ஒரு நாய் நலமாக இருக்குமா என்பதை அதன் குணத்தைவிட அந்த வீட்டின் கடிகாரமும் இந்த ஊரின் வெயிலும்தான் முடிவு செய்கின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மதுரை நகருக்குள் இருக்கும் பெரும்பாலான வீடுகளுக்கு இந்த நாய்கள் ஒத்துவராது. நாயிடம் குறை எதுவும் இல்லை. அதன் உடலும் மனமும் கேட்பதை நம்மால் கொடுக்க முடிவதில்லை. அப்படிக் கொடுக்க முடியாதபோது முதலில் நாயின் ஆரோக்கியம் கெடுகிறது. பின்னர் வீட்டாரின் ஆரோக்கியத்துக்கும் ஆபத்து வருகிறது.

ஓடுவதற்கென்றே வந்த இனம்

1899இல் ஜெர்மனியில் மாக்ஸ் வான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி, ஹோரண்ட் என்ற மேய்ப்பு நாயை வாங்கி, அதை முதல் நாயாகப் பதிவுசெய்து ஜெர்மன் ஷெப்பர்டுக்கான சங்கத்தைத் தொடங்கினார். அழகைவிட உழைப்பே அவருக்குப் பெரிதாக இருந்தது. பயிர் நிற்கும் வயல்களுக்கு நடுவே இருக்கும் புல்தரையில் ஆடுகள் மேயும்போது, அவை வரப்பைத் தாண்டிப் பயிரில் வாய் வைக்காதபடி மந்தையின் ஓரத்தில் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பது அந்த நாயின் வேலை. ஓட்டம், விழிப்பு, சொன்னதை நொடியில் புரிந்துகொள்ளும் அறிவு, தன்னுடைய மந்தையை விட்டு நகராத பிடிப்பு ஆகிய நான்கையும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். பெல்ஜியத்தின் மாலினுவா வேகத்தில் இதற்கும் ஒரு படி மேலே. நம் துணை ராணுவப் படைகள் அந்த இனத்தைப் பெரிதும் விரும்புவதற்குக் காரணமே அது சோர்வில்லாமல் வேலை கேட்டுக்கொண்டே இருப்பதுதான்.

நம் பக்கத்து மேய்ச்சலில் நாயின் வேலை வேறு. வாடிப்பட்டி வட்டாரத்துக் கச்சைகட்டிக் கருப்பு ஆடுகளானாலும் சரி, அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடக் கீதாரிகள் ஓட்டிவரும் மந்தையானாலும் சரி, ஆட்டை வளைத்து மடக்குவது ஆளின் குரலும் கம்பும்தான். கூடவே வரும் நாய் இரவில் கிடையோரம் படுத்திருந்து, நரியோ திருடனோ நெருங்கினால் குரைத்து எழுப்பும். உச்சி வெயிலில் கருவேல நிழல் தேடிப் படுத்துவிடும். மந்தையைக் காக்கும் நாய் வேறு, மந்தையை ஓட்டும் நாய் வேறு. பெரிய வீட்டுக்கு நல்ல காவல் என்று நினைத்து நாம் காசு கொடுத்து வாங்குவது இரண்டாவது வகையை. அது படுத்துக் கிடந்து காவல் காக்கப் பிறந்ததல்ல. வளர்ந்த ஜெர்மன் ஷெப்பர்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி வேண்டும் என்கிறது பிரிட்டனின் கென்னல் கிளப். அதுவும் அந்த நாட்டுக் குளிரில்.

அந்த இரண்டு மணி நேரம் எங்கே கிடைக்கும்?

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடிப்பகுதியில் மட்டும் சிறிது வியர்க்கும். மற்றபடி வாயைத் திறந்து இரைத்து, நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். ஓடும்போது தசை உண்டாக்கும் சூடும் பெரும்பாலும் இந்த வழியில்தான் வெளியேறியாக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மதுரையில் பிற்பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது புதிதல்ல. தார் ரோடு காற்றைவிட 20 டிகிரிக்கும் மேல் சூடேறியிருக்கும். பொழுது சாய்ந்த பிறகும் வெகுநேரம் அந்தச் சூட்டை விடாது. புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியவில்லை என்றால் அங்கே நாயை நடத்தக் கூடாது. ஆக, கோடையில் மிஞ்சுவது விடியலுக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு மணி நேரமும், இரவு எட்டு மணிக்கு மேலும்தான். அந்த நேரத்தில் தெருவில் இறங்கினால் ஒவ்வொரு தெருமுனையிலும் தெருநாய்க் கூட்டம் வழிமறிக்கும். வண்டியூர் கண்மாய்க் கரையிலோ ரேஸ்கோர்ஸ் பக்கமோ நடப்பவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்ததே.

வெப்பத் தாக்கு எப்படித் தொடங்குகிறது என்பதை நாய் வளர்க்கும் எவரும் கண்ணால் அடையாளம் காணப் பழகியிருக்க வேண்டும். நாக்கு வழக்கத்தைவிட நீண்டு, நுனி அகன்று, ஓரம் மேல்நோக்கிச் சுருளும். எச்சில் கெட்டியாகி நூல் இழுக்கும். ஈறு அடர்சிவப்பாகும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது, பின்னங்கால் தள்ளாடும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 டிகிரியிலிருந்து 39 டிகிரி சொச்சம் வரை. 41ஐத் தாண்டினால் மூளை, சிறுநீரகம், குடல் எல்லாமே சேதமடையத் தொடங்கும். அந்த நிலையில் முதலில் செய்ய வேண்டியது நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வைப்பது. குளிர்வித்துக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஈரத் துணியைப் போர்த்திவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சிறிது நேரத்தில் துணியே சூடாகி வெப்பத்தை உள்ளே நிறுத்திவிடும். கோடைக்கு முடியை ஒட்ட மழித்துவிடுவது இன்னொரு தவறான பழக்கம். இந்த இனத்தின் இரட்டை அடுக்கு முடியைத் தினமும் சீவி உதிர்ந்ததை எடுத்தாலே போதும். மழித்தால் தோல் நேராக வெயிலில் படும்.

"வீட்டில் ஏசி இருக்கிறதே" என்பார்கள். ஏசி நாயைச் சூட்டிலிருந்து காக்கும், ஓட்டத்தைத் தராது. "மொட்டை மாடியில் அவிழ்த்துவிடுகிறோம்" என்பது இன்னும் மோசம். பகலில் காய்ந்த தளம் இரவிலும் அனலாக இருக்கும். தனியாக விடப்பட்ட நாய் அங்கே பயிற்சி செய்வதில்லை, கைப்பிடிச் சுவரோரம் நின்று போவோர் வருவோரைக் குரைத்துக்கொண்டிருக்கும்.

சும்மா இருப்பதால் வரும் நோய்

வேலை இல்லாத மேய்ப்பு நாய் தனக்குத் தானே வேலை உண்டாக்கிக்கொள்ளும். தன் வாலைத் தானே துரத்திச் சுற்றுவது, ஒரே காலைப் புண்ணாகும்வரை நக்குவது, கதவு நிலையைக் கடித்துப் பெயர்ப்பது, நிழல் அசைந்தாலும் குரைப்பது என்று இவையெல்லாம் குறும்பு என்று சிரித்துவிட்டுப் போகக்கூடியவை அல்ல. மன அழுத்தத்தின் வெளிப்பாடுகள். வீட்டார் அடுத்துச் செய்வது சங்கிலியில் கட்டுவது. கட்டிப்போட்டால் அழுத்தம் கூடும், கோபமும் சேரும். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டமே, சங்கிலியிலோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குத் தகுந்த உடற்பயிற்சி தராமல் விடுவதைக் குற்றமாக 11ஆம் பிரிவில் சொல்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

உடம்பிலும் விளைவு தெரியும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டுக் கிண்ணம் சரியாக அமையாத கோளாறு பரம்பரையாகவே அதிகம். ஓட்டமில்லாமல் சோறும் கறியும் தின்று எடை போட்டால் அந்த மூட்டின்மேல் பாரம் ஏறும். நார்வேயில் பெரிய இனங்கள் நான்கை வைத்து நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மூன்று மாதத்துக்குள் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இந்தக் கோளாறு கூடுதலாகவும், மெத்தென்ற தரையில் கட்டின்றி விளையாடிய குட்டிகளுக்குக் குறைவாகவும் வந்ததைக் காட்டியது. ஜெர்மன் ஷெப்பர்ட் அந்த நான்கில் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் எலும்பு வளரும் விதம் பெரிய இனங்களுக்கெல்லாம் நெருக்கமானது என்பதால், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு இரண்டு மாதக் குட்டியை வாங்கிவருபவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றே சொல்வேன்.

உண்ணியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் பழுப்பு நாய் உண்ணி ஆண்டு முழுக்கப் பெருகும். சுவர் விரிசலிலும் கட்டிலடியிலும் முட்டையிடும். அது பரப்பும் எர்லிகியா என்ற கிருமி எல்லா நாய்க்கும் வரும் என்றாலும், ஜெர்மன் ஷெப்பர்டுகளை மற்ற இனங்களைவிடக் கடுமையாகத் தாக்குகிறது. 1960களின் இறுதியில் வியட்நாம் போருக்கு அமெரிக்க ராணுவம் கொண்டுபோன ஜெர்மன் ஷெப்பர்டுகள் நூற்றுக்கு மேல் இந்த நோயில், மூக்கில் ரத்தம் வடிந்து செத்தன. வெப்பநாட்டு உண்ணியைத் தாங்கும் உடம்பு அவற்றுக்கு இருக்கவில்லை. காது மடலின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், வாலடி ஆகியவற்றைத் தினமும் விரலால் தடவிப் பார்ப்பது இங்கே கட்டாயம். நாய் சாப்பாட்டை ஒதுக்கி, காய்ச்சலோடு சுருண்டு படுத்து, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். தொடக்கத்தில் பிடித்தால் மருந்தில் குணமாகும்.

பிள்ளைகளும் பல்லும்

இந்த இனங்கள் குழந்தைகளிடம் பாசமாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. பாசமும் பழக்கமும் வேறு. ஓடும் ஆட்டைத் திருப்ப வேண்டும் என்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. வராண்டாவில் நான்கு பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினால், அது தலையைத் தாழ்த்தி, கண்ணை எடுக்காமல் குதிகாலையே பார்த்தபடி பக்கவாட்டில் சுற்றி வரும். பிறகு கணுக்காலைப் பல்லால் பிடிக்கும். அதற்கு அது கடி அல்ல, வேலை. ஐந்து வயதுப் பிள்ளையின் தோலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. முப்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள நாய், ஓட்டம் கிடைக்காமல் நாள் முழுக்க அடைபட்டிருந்தால் இந்தப் பழக்கம் முற்றும். சித்திரைத் திருவிழா ஒலிபெருக்கிக்கும் தீபாவளி வெடிக்கும் மிரண்டு நிற்கும் வேளையில், வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பிள்ளை கட்டிப்பிடித்தால் என்ன நடக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பிள்ளைகளைக் கடிப்பவை பெரும்பாலும் அவர்களுக்குப் பழகிய நாய்களே. குழந்தையின் உயரம் காரணமாகக் காயம் முகத்திலும் கழுத்திலும் விழுகிறது. ஆகவே பெரியவர் ஒருவர் பார்வையில் இல்லாமல் பிள்ளையையும் நாயையும் ஒரே அறையில் விடக் கூடாது. அது எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும்.

ரேபிஸ் விஷயத்தில் "வீட்டு நாய்தானே" என்ற நினைப்பு உயிரை எடுக்கும். உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர்கள். அறிகுறி தெரிந்த பின் பிழைப்பது அரிதினும் அரிது. குட்டிக்கு மூன்றாம் மாதம் தடுப்பூசி, அடுத்து ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுதோறும் என்ற ஒழுங்கு தவறக் கூடாது. கீறலோ கடியோ பட்டால் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு ராஜாஜி மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் போடுவார்கள். ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்தைச் சுற்றியே செலுத்துவார்கள். நான்கு நாளில் ஒன்றைத் தவறவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

"போலீஸ் வளர்க்கிறதே, நாட்டு நாய் ஆகாதா?"

போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் ஜெர்மன் ஷெப்பர்டுகள் இதே மதுரையில் நன்றாகத்தானே இருக்கின்றன என்ற கேள்விக்கு அர்த்தம் உண்டு. ஆனால் அந்த நாய்க்கென்று சம்பளம் வாங்கும் ஒரு பயிற்றுநர் இருக்கிறார். விடிகாலைப் பயிற்சி, அளந்த உணவு, மருத்துவர், செய்ய உண்மையான வேலை என எல்லாம் இருக்கின்றன. அந்த ஏற்பாடுதான் நாயை நலமாக வைத்திருக்கிறது. அதைக் கழித்துவிட்டு நாயை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் பலன் வராது.

அப்படியானால் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி? 2020 ஆகஸ்டில் பிரதமரின் மனதின் குரல் உரையில் இந்தப் பெயர்கள் ஒலித்த பின் தேவை கூடியது. குட்டை முடியும் மெலிந்த உடலும் கொண்ட இவை நம் வெயிலுக்கு ஏற்றவை என்பது உண்மை. ஆனால் இவையும் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த இனங்களே. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்திப் பிடித்த நாய்கள். எட்டுக்குப் பத்து அறையில் அவையும் வாடும். வெயில் பிரச்சினை தீர்கிறது, இடப் பிரச்சினை தீரவில்லை. நகருக்குள் சாதாரணக் குடும்பம் ஒரு நாயோடு வாழ விரும்பினால், தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியைத் தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து வளர்ப்பதே நலம் என்பேன். இந்த வெயிலில் தலைமுறைகளாகத் தாக்குப்பிடித்த உடம்பு அது. காலையும் மாலையும் அரைமணி நடை பெரும்பாலும் அதற்குப் போதும்.

யாருக்கு ஒத்துவரும்

மேய்ப்பு நாய் எவருக்குமே ஆகாது என்று சொல்வதற்கில்லை. ஊமச்சிகுளத்துக்கு அப்பாலோ திருமங்கலத்துக்குத் தெற்கேயோ வேலியிட்ட தோட்டம், நிழல், தண்ணீர்த் தொட்டி, நாள் முழுக்கக் கூட இருக்கும் ஆள் ஆகியவை உள்ளவர்களுக்கு அது நல்ல துணை. நகரிலும் ஒருவர் தினமும் விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரமும் இரவில் ஒரு மணி நேரமும் தர முடியும், அதையும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குத் தர முடியும் என்றால் வளர்க்கலாம். கோடையில் ஓட்டத்தைக் குறைத்து மூளைக்கு வேலை தருவது உதவும்: ஒளித்து வைத்த தீனியை மோப்பம் பிடித்துத் தேட வைப்பது, பெயர் சொல்லிப் பொருளை எடுத்துவரப் பழக்குவது போன்றவை நிழலிலேயே ஒரு நாயை நன்றாகக் களைக்க வைக்கும். வாங்குவது என்று முடிவானால், குட்டியின் தாய் தந்தை இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். அதைவிட நல்ல வழி, வளர்க்க முடியாமல் மற்றவர்கள் கைவிட நினைக்கும் இரண்டு மூன்று வயது நாயைப் பார்ப்பது. அதன் மூட்டும் குணமும் அந்த வயதில் தெரிந்துவிடும். பிள்ளைகளோடு எப்படிப் பழகுகிறது என்பதை ஊகிக்காமல் நேரிலேயே, பல நாள் போய்வந்து, பார்த்து முடிவெடுக்கலாம்.