பொறுப்பு யாருடையது? - மின்சாரக் கார் வாங்க விரும்பும் குடும்பங்களுக்கு



சனிக்கிழமை மாலைகளில் தம்பானூர் பேருந்து நிலையத்தில் நின்றிருக்கிறீர்களா? நாகர்கோவில், திருநெல்வேலி என்று ஊர்ப்பெயர் காதில் விழுந்தவுடன் பிள்ளைகளையும் பைகளையும் தூக்கிக்கொண்டு ஓடும் குடும்பங்களில் அநேகம் நம்முடைய குடும்பங்களே. எதிரே இருக்கும் ரயில் நிலையத்திலும் அதே நெருக்கம்தான். இந்தக் கூட்டத்தின் நடுவே ஓசையின்றி வந்து நிற்கும் மின்சாரப் பேருந்துகள் 2022 ஆகஸ்டு முதல் இந்நகரத்தில் ஓடுகின்றன. அவற்றைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, "நாமும் ஒரு சிறிய மின்சாரக் கார் வாங்கினால் ஊருக்குப் போய்வர எவ்வளவு உதவியாயிருக்கும்" என்ற எண்ணம் எழுவது இயல்பே. உடனே அடுத்த கேள்வியும் வருகிறது: கைப்பேசி வழியாக இணையத்தில் பதிவு செய்வதா, அல்லது ஷோரூமுக்கு நேரில் சென்று வாங்குவதா?

சாலைக் கடைத்தெருவில் வேலை செய்யும் ஒரு சகோதரர் ஓர் இரவில் கைப்பேசியிலேயே முன்பணம் கட்டிவிட்டார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கியிருந்த பணம் அது. மறுநாள் ஷோரூமில் விலை வேறாகச் சொல்லப்பட்டது. நிறுவனத்தைக் கேட்டால் ஷோரூமைக் கேளுங்கள் என்றார்கள். ஷோரூமைக் கேட்டால் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். இதற்கிடையில் அவருடைய வீட்டுக்காரரும் சார்ஜ் செய்ய இணைப்புத் தர முடியாது என்று சொல்லிவிட்டார். கார் வருமுன்னே அவருடைய உறக்கம் போய்விட்டது.

அவர் செய்த தவறு இணையத்தில் வாங்கியது அல்ல. நேரில் போயிருந்தாலும் இதே நிலை வந்திருக்கலாம். பணம் கொடுத்த பிறகு நமக்குப் பொறுப்பாக நிற்பவர் யார் என்பதை அவர் முன்னதாகக் கேட்கவில்லை. இக்கட்டுரை வற்புறுத்த விரும்புவது அந்த ஒரு கேள்வியைத்தான்.

இணையத்தில் வாங்குவது என்றால் என்ன?

நம் நாட்டில் மின்சாரக் கார் புதிய பொருளன்று. பெங்களூருவில் உருவான 'ரேவா' என்ற சிறிய கார் 2001-ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்தது. 2004 முதல் அது லண்டன் தெருக்களிலும் 'ஜி-விஸ்' என்ற பெயரில் ஓடியது. 2010-இல் அந்நிறுவனம் மஹிந்திராவின் கைக்குச் சென்றது. ஆயினும் நடுத்தரக் குடும்பங்கள் மின்சாரக் காரைப் பற்றி அதிகமாய்ப் பேசத் தொடங்கியது, 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் மின்சாரக் காரும் 2022-இல் டியாகோ மின்சாரக் காரும் வந்த பின்புதான்.

இவற்றையெல்லாம் இணையத்தில் பதிவு செய்யலாம். ஆனால் பதிவு வேறு, விற்பனை வேறு. நீங்கள் இணையத்தில் கட்டும் தொகை பெரும்பாலும் வரிசையில் ஓர் இடம் பிடிப்பதற்கான முன்பணம் மட்டுமே. அதன்பின் உங்கள் பதிவு நீங்கள் தெரிந்தெடுத்த ஒரு டீலரிடம் அனுப்பப்படும். ரசீது போடுவதும், வண்டியைப் பதிவுக்கு அனுப்புவதும், சாவியைக் கையில் கொடுப்பதும் அந்த டீலரே. ஆகவே இணையமா ஷோரூமா என்று நாம் வாதிடும்போது, பல வேளைகளில் இரண்டும் ஒரே வாசலில்தான் போய் முடிகின்றன.

டீலர் இல்லாமல் நிறுவனமே நேரடியாக விற்கும் முறையும் உண்டு. மெர்சிடிஸ் பென்ஸ் 2021-இல் இந்தியாவில் இவ்வித முறைக்கு மாறியது. 2025 ஜூலையில் மும்பையில் முதல் கடையைத் திறந்த டெஸ்லாவும் அவ்வாறே விற்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களிலோ, கார் உற்பத்தியாளர் நேரடியாக விற்பதற்குச் சட்டமே தடை விதிக்கிறது. உள்ளூரில் ஒரு வியாபாரி இருந்தால்தான் வாங்குகிறவனுக்குப் பாதுகாப்பு என்பது டீலர்களின் வாதம். இடைத்தரகர் இல்லாவிட்டால் விலை ஒளிவுமறைவற்றதாயிருக்கும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது.

இரண்டு பாடங்கள்

முதலாவது பாடம் ஸ்கூட்டரிலிருந்து வருகிறது. ஓலா எலெக்ட்ரிக் நிறுவனம் 2021-இல் டீலர்கள் இல்லாமல், இணையப் பதிவின் மூலமாகவே மின்சார ஸ்கூட்டர்களை விற்கத் தொடங்கியது. விற்பனை வேகமாக வளர்ந்தது. ஆனால் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு ஓராண்டு காலத்தில் 10,644 புகார்கள் வந்ததைத் தொடர்ந்து, 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. அவற்றில் 99 சதவீதத்துக்கும் மேலானவற்றைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் அளித்தது. எப்படியாயினும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இது: வாங்குவதற்கு ஒரு நிமிடம் போதும், பழுது பார்ப்பதற்கோ பக்கத்தில் ஆளும் இடமும் வேண்டும்.

இரண்டாவது பாடம் கோவாவிலிருந்து வருகிறது. 2011-ஆம் ஆண்டு மாடல் என்று பணம் கட்டிய ஒருவருக்கு, 2009-இல் தயாரான, ஏற்கெனவே 622 கி.மீ. ஓடிய காரை ஒரு டீலர் கொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2021 பிப்ரவரியில் நீதிமன்றம், அந்த வழக்கில் தவறு டீலருடையது, அது தெரியாத நிலையில் கார் தயாரித்த நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நிறுவனமும் டீலரும் தனித்தனி வியாபாரிகளாக ஒப்பந்தம் செய்துகொண்டிருந்ததே அதற்குக் காரணம். பெரிய நிறுவனத்தின் பெயர்ப்பலகை கடையின் மேல் இருப்பதினால், கடைக்காரரின் ஒவ்வொரு செயலுக்கும் அந்நிறுவனம் பதில் சொல்லும் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆகவே வண்டி பதிவுக்குச் செல்லுமுன் அதை நேரில் பாருங்கள். சேஸிஸ் எண்ணையும், தயாரிப்பு மாதம், வருடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டீலர் கொடுக்கும் விற்பனைச் சான்றான படிவம் 21-இல் அதே விவரங்கள் உள்ளனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இணையத்தில் பதிவு செய்தவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

விலைச்சீட்டை வரிவரியாக வாசியுங்கள்

விளம்பரத்தில் காணும் விலை ஷோரூம் விலையே. அதன்மேல் சாலை வரி, காப்பீடு, துணைப்பொருட்கள் முதலியவை சேரும். மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டு முதல் 5 சதவீதம் மட்டுமே, அது ஷோரூம் விலையிலேயே அடங்கியிருக்கும். காப்பீட்டை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியில் விசாரித்து, ஒப்பிட்டு, உங்களுக்கு ஏற்றதை எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. 'கையாளும் கட்டணம்' என்று ஏதாவது ஒரு தொகை சேர்க்கப்பட்டிருந்தால், அது எதற்கென்று தாழ்மையாக, ஆனால் தைரியமாகக் கேளுங்கள்.

கேரளத்தில் சாலை வரி 2025 ஏப்ரல் 1 முதல் மாற்றப்பட்டது. அதன்படி 15 லட்சம் ரூபாய் வரையுள்ள மின்சாரக் காருக்கு 5 சதவீதம், 15 முதல் 20 லட்சம் வரை 8 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம். பாட்டரியை வாடகை முறையில் எடுக்கும் வண்டிகளுக்கும் 10 சதவீதம். வாங்கும் நாளில் மறுபடியும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சோதனை இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2023-ஆம் ஆண்டின் மின்சார வாகனக் கொள்கையில், 2025 இறுதி வரை சாலை வரியில் முழு விலக்கு அளித்திருந்தது. இத்தகைய வேறுபாடுகளைக் காணும்போது, "ஊரிலுள்ள அண்ணன் முகவரியில் பதிவு செய்துவிட்டால் ஒரு தொகை மிச்சமாகுமே" என்று தோன்றும். வண்டியை வழக்கமாக எங்கே வைத்திருக்கிறோமோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். வேறு மாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். 2017-இல் புதுச்சேரியில் பொய்யான முகவரி காட்டிப் பதிவு செய்யப்பட்ட சொகுசுக் கார்கள் கேரளத்தில் எவ்வளவு பெரிய வழக்குகளாயின என்பதை நீங்கள் அறிவீர்கள். பொய்யில் தொடங்கும் வாகனத்தில் எப்படிச் சமாதானமாகப் பிரயாணம் செய்ய முடியும்?

வீட்டில் மின்சாரம் இருக்கிறதா?

பெட்ரோல் கார் வாங்குகிறவர் கேட்க வேண்டாத ஒரு கேள்வியை மின்சாரக் கார் வாங்குகிறவர் கேட்டே ஆகவேண்டும். இரவில் இதை எங்கே சார்ஜ் செய்வேன்? வாடகை வீட்டில் வசிக்கும் நம்மில் பலருக்கு இதுவே முதல் தடை. சிறிய காருக்கு 15 ஆம்பியர் பிளக் போதும். ஆனால் எர்த் இணைப்பு சரியாயிருக்க வேண்டும், கம்பி அந்தப் பளுவைத் தாங்க வேண்டும். தகுதியுள்ள எலெக்ட்ரீசியனைக் கொண்டு முன்னதாகவே சோதித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். நீட்டிப்புக் கம்பியை ஜன்னல் வழியாக இழுத்து சார்ஜ் செய்வது ஆபத்து.

மின்கட்டணத்தையும் கணக்கிடுங்கள். சிறிய கார் ஒன்று மாதம் 1,000 கி.மீ. ஓடினால் ஏறத்தாழ 150 யூனிட் செலவாகும். பெட்ரோலோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவே. ஆனால் கேரள மின்வாரியத்தின் வீட்டுக் கட்டணத்தில் மாதம் 250 யூனிட் ஒரு முக்கியமான எல்லை. அதைக் கடந்துவிட்டால், கடந்த யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, எல்லா யூனிட்டுகளுக்குமே உயர்ந்த விகிதம் கணக்கிடப்படும். இப்போது 200 யூனிட் செலவழிக்கும் வீடு, கார் வந்தபின் 350-ஐத் தொடும். இந்த வித்தியாசத்தை எந்த விற்பனையாளரும் சொல்லமாட்டார். பழைய பில்லை எடுத்துவைத்து நீங்களே கணக்குப் போடுங்கள்.

தம்பானூர் மழையையும் மறக்க வேண்டாம். தண்ணீர் தேங்கும் இந்தப் பகுதியைச் சீர்படுத்தவே 2015-இல் 'ஆபரேஷன் அனந்தா' என்று வாய்க்கால்களைத் தூர்வாரும் பணி நடந்தது. இன்றைய மின்சாரக் கார்களின் பாட்டரிகள் தண்ணீர் புகாதவாறு மூடப்பட்டவையே. ஆயினும் ஆழம் தெரியாத வெள்ளத்தில் எந்தக் காரையும் ஓட்டாதிருங்கள். வெள்ளச் சேதமும் அடங்கும் காப்பீட்டையே எடுங்கள்.

ஊர்ப் பயணம்

தம்பானூரிலிருந்து கரமனை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை வழியாக நாகர்கோவில் சுமார் 70 கி.மீ. போய்த் திரும்ப 140 கி.மீ. இன்றைய சிறிய மின்சாரக் கார்களுக்கும் இது பெரும்பாலும் ஒரே சார்ஜில் முடியக்கூடிய தூரம். திருநெல்வேலி சுமார் 150 கி.மீ. என்பதால் அங்கே சேர்ந்தபின் சார்ஜ் செய்ய இடம் வேண்டும். விளம்பரத்தில் சொல்லும் தூரம் சோதனைக்கூடத்தில் அளந்தது. குளிர்சாதனம் ஓட, வீடு நிறைய ஆட்கள் ஏற, அது குறையும்.

இங்கேதான் ஷோரூமின் பயன் தெரிகிறது. கைப்பேசித் திரையில் காரின் நிறத்தைப் பார்க்கலாம். தாயாரின் முழங்கால் வலிக்கு இருக்கை ஏற்றதா, பிள்ளைகள் பின்னே நெருக்கமின்றி உட்கார முடியுமா என்பதைத் திரை காட்டாது. ஆகவே குடும்பத்தோடு நேரில் சென்று ஓட்டிப் பாருங்கள். விலையையும் மாடல்களையும் ஒப்பிடுவதற்கு இணையத்தைப் பயன்படுத்துங்கள். அங்கே கண்ட விலையைக் கையில் வைத்துக்கொண்டு ஷோரூமில் பேசுங்கள். இரண்டையும் அதனதன் வேலைக்குப் பயன்படுத்துவதே ஞானம்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. முன்பணம் திரும்பக் கிடைக்குமா? எத்தனை நாட்களில்? அதை எழுதித் தருவீர்களா?

2. பணம் யாருடைய கணக்குக்குச் செல்கிறது? தனி மனிதரின் பெயரிலுள்ள கணக்குக்கு ஒருபோதும் அனுப்பாதிருங்கள். நிறுவனங்களின் பெயரைப் போலவே தோற்றமளிக்கும் போலிப் பக்கங்கள் உண்டு.

3. மின்சாரக் காரைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் திருவனந்தபுரத்திலும் நாகர்கோவிலிலும் இருக்கிறார்களா?

4. பாட்டரி உத்தரவாதம் எவ்வளவு? 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்பது பரவலாகக் காணப்படுவது. 'வாழ்நாள்' உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கு மட்டும்தானா என்றும் கேளுங்கள்.

5. குறை ஏற்பட்டால் முதலில் யாரிடம் வரவேண்டும்? அவருடைய பெயரும் கையெழுத்தும் ரசீதில் இருக்கிறதா?

இவ்வளவுக்கும் பின்பு குறை நேர்ந்தால் சோர்ந்துபோக வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பெங்களூரு நிறுவனத்திடம் இணையத்தில் வாங்கினாலும், திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்தை நாடலாம். 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். ஆகவே ரசீதுகளையும் வந்த செய்திகளையும் பத்திரமாய் வைத்திருங்கள்.

கோபுரம் கட்ட நினைத்த மனிதனைப் பற்றி ஆண்டவர் சொன்னதை (லூக்கா 14:28) நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல. கடனில் வாங்கிய காரை சபை வாசலில் நிறுத்தி, உள்ளே தவணையை நினைத்துக் கலங்குவதைவிட, இன்னும் ஓராண்டு பேருந்தில் வருவது மேன்மையானது.

அந்தச் சகோதரருக்கு, பலமுறை எழுதிக் கேட்டபின், முன்பணம் திரும்பக் கிடைத்தது. மகளின் கட்டணத்தைக் கட்டிவிட்டார். இப்போது சார்ஜ் செய்ய வசதியுள்ள வாடகை வீடு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். முதலில் வீடு, பிறகு கார் என்று தீர்மானித்திருக்கிறார். நீங்களும் இன்றிரவு குடும்பமாக உட்கார்ந்து, மின்கட்டணப் பில்லையும் ஒரு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள். கணக்கு நேரானால் காரும் வரும், சமாதானமும் கூடவே வரும்.