குளிர்காலச் சரக்கு: கம்பளியைத் தெரிந்து வாங்குவோம்

தோட்டப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒக்டோபர் பிறந்துவிட்டால் ஒரே கேள்விதான். இந்த வருடம் போர்வை எத்தனை எடுப்பது?

எங்கள் ஹாலிஎல, பதுளைக் குளிரை நுவரெலியாக் குளிரோடு சேர்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் நஷ்டப்படுவார்கள். அங்கே ஜனவரி, பெப்ரவரியில் வானம் வெளித்து உறைபனி விழும். இங்கே வடகீழ்ப் பருவமழையோடுதான் குளிர் வருகிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை கொடியில் போட்ட துணி காயாது. கூடவே உயரத்தையும் பார்க்க வேண்டும். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 பாகை வெப்பம் குறையும். பதுளை கிட்டத்தட்ட 2,200 அடி, பண்டாரவளை 4,000 அடி, ஹப்புத்தளை அதற்கும் மேலே. எங்கள் கடையில் மெல்லிய போர்வையே போதும் என்று சொல்பவர் ஹப்புத்தளையில் மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு மொத்தப் போர்வை கேட்டு வருகிறார்!

வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டமே கம்பளியைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்தது. மலையில் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொண்டால் மழைக்கு அதுதான் கொங்காணி, இரவில் அதுவே போர்வை. அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது, பொருள்தான் மாறிவிட்டது. ‘கம்பளி’ என்று நாம் விற்பதில் பெரும்பகுதி பொலியெஸ்டர். அதில் குற்றமில்லை. நமது ஈரக் காலநிலைக்கு அது விரைவில் காய்கிறது, கழுவ இலேசு, விலையும் குறைவு. பொலியெஸ்டரைக் கம்பளி விலைக்கு விற்பதுதான் குற்றம்.

கொழும்பில் மொத்த வியாபாரி ஒருவர் எனக்கு அனுப்பிய கட்டில் ‘சுத்தக் கம்பளி’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினேன். ஆட்டுமயிர் என்றால் தலைமுடி கருகும் நாற்றம் வரும், சாம்பலும் கையில் பொடியாகும். இது உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகியது. கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இந்தச் சோதனைக்கு ஒரு தீக்குச்சிதான் செலவு. இரண்டாவது சோதனை தராசு. ஒரே நீள அகலத்தில் இரண்டு விலை சொன்னால் நிறுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இந்தியாவில் பானிப்பட் நகரிலிருந்து வந்த சாம்பல் நிறப் போர்வைகள். பழைய கம்பளி உடுப்புகளைக் கிழித்து, திரும்ப நூலாக்கி நெய்தவை. அனர்த்த நிவாரணத்துக்கு உலகம் முழுவதும் போனது இந்த வகைதான். பிறகு பொலியெஸ்டர் அந்த ஊர்த் தொழிலையே பாதித்துவிட்டது. மலிவு, சூடும் உண்டு. ஆனால் நூல் குட்டையானதால் பல தடவை கழுவினால் உதிரும். சொல்லி விற்றால் வாங்கியவர் திரும்பவும் வருவார்.

லயக் காம்பராவில் சீமெந்துத் தரையில் படுப்பவருக்கு எத்தனை போர்வை கொடுத்தாலும் கீழிருந்து குளிர் ஏறும். ஆகவே போர்வை கேட்டு வருபவரிடம் பாய்க்குக் கீழே விரிக்க ஒரு தடித்த விரிப்பையும் காட்டுங்கள். ஒரு தடித்த போர்வையைவிட இரண்டு மெல்லியது மேல். நடுவில் அடைபடும் காற்றுத்தான் சூட்டைக் காக்கிறது.

எப்போது எடுப்பது? தீபாவளிக்கு முன். தோட்டத்தில் முற்பணம் கையில் வரும் நேரம் அதுதான். டிசம்பரில் குளிர் ஏறும்போது அந்த முற்பணம் சம்பளத்தில் கழியத் தொடங்கியிருக்கும். அப்போது விற்பதெல்லாம் கடன் கொப்பியில்தான் ஏறும்.

மின்சார ஹீட்டரைத் தோட்டத்துக்கு எடுக்காதீர்கள். 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணித்தியாலத்தில் ஒரு யுனிட் இழுக்கும். 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியதை ஜனங்கள் மறக்கவில்லை, பின்னர் குறைந்தபோதும். லயத்துப் பழைய வயரிங் அதைத் தாங்குமா என்பது வேறு கதை.

கரி அடுப்பு கேட்டு வருபவரிடம் விலைக்கு முன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கரி எரியும்போது காபன் மொனொக்சைட் வாயு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கதவையும் ஜன்னலையும் பூட்டி, கரியை உள்ளே வைத்துத் தூங்கினால் தூக்கத்திலேயே உயிர் போகும். “மொதலாளி, புகையே இல்லையே” என்பார்கள். புகை இல்லாததுதான் ஆபத்து என்று சொல்லுங்கள். பொலியெஸ்டர் போர்வையை விறகடுப்புப் பக்கம் போடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

றப்பர் சுடுதண்ணீர்ப் பை முதியவர்களுக்கு நல்லது. கொதிக்கும் நீர் ஊற்றக்கூடாது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பவும் கூடாது. பிரித்தானியத் தரப்படி செய்த பைகளில் பூப்போல ஓர் அடையாளம் இருக்கும். அதன் நடுவில் உள்ள எண் செய்த வருடம். கடையிலே கிடந்து பழையதாகிப்போன றப்பர் வெடித்தால் வெந்து போவது யாரோ ஒருவரின் உம்மா. அரை விலைக்கும் விற்காமல் வீசிவிடுங்கள்.

நோன்பு வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்கிறது. 2030இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒன்றும் டிசம்பர் கடைசியில் இன்னொன்றுமாக இரண்டு நோன்பு ஆரம்பிக்கும். வரும் வருடங்களில் சஹருக்கும் சுபஹு வுழூவுக்கும் சுடுதண்ணீர் தேடுவார்கள். பிளாஸ்க் எடுக்கும்போது மூடியும் உள்கண்ணாடியும் தனியாகக் கிடைக்கும் வகையைப் பார்த்து எடுங்கள். உடைவது அவை இரண்டும்தான்.