இடித்தது ஒருமுறை, வலித்தது இருமுறை

ஓடிவரும்போது நிலைப்படியில் கால் கட்டைவிரலை நங்கென்று இடித்துக்கொண்டிருக்கிறீர்களா? முதலில் 'சுரீர்' என்று ஒரு வலி. ஏறக்குறைய ஒரு நொடி கழித்து, 'விண் விண்' என்று இன்னொரு வலி வந்து உட்கார்ந்துகொள்ளும். இடித்தது ஒருமுறைதானே?

இரண்டு சேதிகளும் விரலிலிருந்து ஒன்றாகத்தான் கிளம்பின. வந்த பாதைகள்தான் வேறு.

செல் என்றால் கண்ணுக்குத் தெரியாத சின்னப் புள்ளி என்று படித்திருப்பீர்கள். விரலில் தொடங்கும் நரம்பு இழையோ, காலெல்லாம் ஏறி, முதுகிலுள்ள தண்டுவடம்வரை போகிறது. அவ்வளவு நீளமும் ஒரே செல்லின் வால்! அகலத்தில் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது.

அதற்குள் சேதி எப்படி ஓடுகிறது? கம்பியில் மின்சாரம் போவதுபோல என்று பலர் சொல்வார்கள். எனக்குச் சரவெடிதான் நினைவுக்கு வரும். இழையின் மேல்தோலில் நுண்ணிய கதவுகள் இருக்கின்றன. வெளியே சோடியம் அயனிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு கதவு திறந்ததும் மின்னூட்டத்தோடு உள்ளே பாய்கின்றன. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான், கதவு மூடிவிடும். ஆனால் அதற்குள் அந்தப் பாய்ச்சல் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டிருக்கும். அது அடுத்ததை, அது அதற்கடுத்ததை... சரத்தின் கடைசி வெடியும் முதல் வெடியைப் போலவே சத்தமாக வெடிக்கிறதல்லவா? விரலில் கிளம்பிய சேதியும் அப்படித்தான், வழியில் கொஞ்சமும் மங்குவதில்லை. சரவெடி ஒருமுறை வெடித்தால் காகிதக் குப்பை. நரம்போ சில மில்லிநொடியில் மறுபடி தயார்!

'சுரீர்' சேதியைக் கொண்டுவரும் இழைமேல் மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றியிருக்கும். உறையில் நடுநடுவே இடைவெளிகள். அங்கே மட்டும் கதவுகள் திறந்தால் போதும், சேதி தாவித் தாவிப் போய்விடும். நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகம். 'விண் விண்' இழைக்கு அந்த உறை கிடையாது. நொடிக்குச் சுமார் 1 மீட்டர்தான், நாம் மெதுவாக நடக்கும் வேகம். அதனால்தான் பிந்தி வருகிறது.

நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களே நினைத்தார்கள். அப்படி எண்ணிய யோகான்னஸ் முல்லரின் மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ்தான் 1850-இல் அதை அளந்துவிட்டார்! ஒரு தவளையின் கால் தசையையும் அதோடு சேர்ந்த நரம்பையும் எடுத்துக்கொண்டார். தசைக்குப் பக்கத்தில் ஒருமுறை, சற்றுத் தள்ளி ஒருமுறை நரம்பைத் தூண்டினார். தள்ளித் தூண்டியபோது தசை துடிக்கத் துளி தாமதமானது. அந்தத் தாமதத்திலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர் என்று கணக்குப் போட்டார். எவ்வளவு எளிய யோசனை!

சரி, இடித்ததும் விரலை ஏன் பிடித்துத் தேய்க்கிறோம்? தொடுதலைச் சொல்லும் இழைகள் இன்னும் தடிமன், இன்னும் வேகம். அவற்றின் சேதி தண்டுவடத்துக்குள் புகுந்து, வலிச் சேதி மேலே ஏறும் வாசலைப் பாதி சாத்திவிடுகிறது என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் விளக்கினார்கள். பாட்டி ஓடிவந்து தேய்த்துவிடும்போது வலி குறைவது அதனால்தான்.